சேவையகத்தின் தொடக்கக் குறிகளும் அவற்றைப் பேணும் முறையும்

மின்னாளியை அழுத்திய அக்கணமே கணினி வேலைக்கு ஆயத்தமாகிவிடுவதில்லை. தன் உறுப்புக்கள் யாவும் உள்ளனவா, உள்ளவை செவ்வனே இயங்குகின்றனவா என்று அது முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்கின்றது. இச்சோதனையை நடத்துவது தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள பயோஸ் என்னும் நிலைபொருளாகும். திரை ஒளிர்வதற்கு முன்னரே நிகழும் சோதனையாதலால், அதன் போக்கைச் சொற்களாற் சொல்ல வழியில்லை. ஆகவே பயோஸ் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணை மட்டும் வெளியிட்டுக்கொண்டு செல்கின்றது. அவ்வெண்களைத் தொடக்கக் குறிகள் என இக்கட்டுரையில் வழங்குவோம். அவற்றைச் சேமிக்கும் முறையை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தமிழாசிரியருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். பதிவு எழுதுதல், எழுதியதைக் காத்தல், இடம் போதாதவிடத்து எதனைக் கழிப்பது என்று துணிதல் ஆகிய மூன்றும் எழுத்தறிந்தார் எல்லார்க்கும் பொதுவான தொழில்களே. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்துப் போனமையால் நாம் இழந்த நூல்கள் எத்தனை என்பதை அறிந்தவர்களுக்கு இத்தொழில்களின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வருவதை எழுதிவைத்தாற் போதாதா என்று கேட்பாரும் உளர். எழுதுவது எளிதே. எந்த நேரத்தை இட்டு எழுதுவது, எப்பொழுது நிலையான இடத்திற் பதிப்பது, எதனைக் கழிப்பது என்பவற்றிலேதான் வகுப்போனுடைய அறிவு வெளிப்படும். பிழைபட வகுத்த பதிவேடு, இயந்திரம் நலமாயிருக்கும் நாளெல்லாம் குறையின்றித் தோன்றி, அது வீழ்ந்த நாளில் வெறுங்கையைக் காட்டும்.

முதற்கண் குறிகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி. என்னும் கணினி, தன் சோதனைக் குறிகளைப் பதினறும எண்முறையில் 80 என்னும் இலக்கமுடைய துறைக்கு அனுப்பிற்று. துறை என்றது, செயலி தனக்குப் புறத்தேயுள்ள உறுப்புக்களோடு பேசும் வாயிலை. பதினறும எண்முறையைக் கீழ்வகுப்பு மாணவர் பொருட்டு இவ்விடத்தில் விளக்குதல் தகும். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களோடு, பத்து முதற் பதினைந்து வரையுள்ள எண்களுக்கு ஏ, பி, சி, டி, இ, எப் என்னும் ஆறு எழுத்துக்களையும் இலக்கங்களாகக் கொள்வது அம்முறை. எனவே 80 என்பது நாம் வழமையாக எண்ணும் முறையில் 8 × 16 = 128 ஆகும்; ஏடி என்பது 10 × 16 + 13 = 173 ஆகும். ஒரு பைற்றில் எட்டுத் துவித இலக்கங்கள் அடங்குமாதலால், 00 தொடக்கம் எப்எப் வரை 256 வேறு குறிகளை அஃது ஏற்கும். இரண்டு இலக்கங்களைக் காட்டும் சிறியதோர் அட்டையே இதற்குப் போதுமானதாயிற்று. பழுது பார்ப்போர் அவ்வட்டையைத் தாய்ப்பலகையிற் செருகி, ஓடி மறையும் எண்களுள் இறுதியில் நிலைத்து நின்றது எது என்று நோக்கிக் கைந்நூலில் அதன் பொருளைத் தேடினர்.

இறுதியில் நின்ற குறிக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? குறி பெரும்பாலும் ஒரு படி தொடங்கும்போதே எழுதப்படுகின்றது. அப்படியிலேயே இயந்திரம் நின்றுவிடுமாயின் அடுத்த குறி வாராது. ஆதலின் கடைசிக் குறி, பழுது நேர்ந்த இடத்தை ஒருவாறு சுட்டி நிற்கும். அமெரிக்கன் மெகாட்றென்ட்ஸ் நிறுவனத்தின் அப்ரியோ என்னும் பயோஸ் வகையில் 55 எனின் நினைவகம் பொருத்தப்படவில்லை என்பது பொருள். ஏடி எனின், பயோஸ் தன் பணியை முடித்து இயக்க முறைமையைத் தொடங்க ஆயத்தமாயிற்று என்பது பொருள். 55இல் நின்ற இயந்திரத்தின் நினைவக அட்டையைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஏடியைக் காட்டியபின் நின்றதாயின் நினைவகத்தை நோவதிற் பயனில்லை; வட்டினையும் இயக்க முறைமையையும் நோக்குதல் வேண்டும். ஓர் எண் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்துகின்றது.

வீட்டுக் கணினிக்கு அவ்வட்டை போதும். சேவையகங்களின் நிலை வேறு. ஆயிரக்கணக்கானவை ஒரே மண்டபத்தில் அடுக்கடுக்காக நிற்க, அவற்றைக் காப்போர் வேறு நகரில், சிலபோது வேறு நாட்டிலே இருப்பர். ஒவ்வொன்றின் முன்னும் அட்டையோடு நிற்க ஆளில்லை. ஆகவே தாய்ப்பலகையிலேயே முகாமைக் கட்டுப்படுத்தி என்னும் சிறிய கணினியொன்று தனியே அமைக்கப்பட்டிருக்கின்றது. அதற்கெனச் செயலியும், நினைவகமும், வலையமைப்புத் தொடர்பும் உண்டு. சேவையகம் அணைந்திருக்கும்போதும், மின்வலு முற்றாக அறாதவரை அது விழித்திருக்கும். இன்ரெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் 1998இல் இத்தகைய முகாமைக்கெனப் பொதுநியமம் ஒன்றை வெளியிட்டன. பின்னர் 2018இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ், மைக்ரோசொவ்ற், இன்ரெல், ஐ.பி.எம்., கூகிள், பேஸ்புக் ஆகியவை சேர்ந்து ஓப்பன் பி.எம்.சி. என்னும் திறந்த மூலத் திட்டத்தை முன்னெடுத்தன. அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய் இருத்தலின், நம் ஆராய்ச்சிக்கு அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

இக்கட்டுப்படுத்திகளிற் பலவற்றில் தைவான் நாட்டு ஆஸ்பீட் நிறுவனத்தின் சில்லுகள் பயன்படுகின்றன. ஏ.எஸ்.ரி. 2500 என்னும் சில்லு, சேவையகம் 80ஆம் துறைக்கு எழுதும் ஒவ்வொரு பைற்றையும் ஒட்டுக்கேட்கும் ஆற்றலுடையது. கேட்டதை லினக்ஸ் கருவிலுள்ள இயக்கி 2048 பைற்று கொள்ளும் ஒரு வரிசையிலே தற்காலிகமாக வைக்கின்றது. எடுத்துச் செல்வார் வாராமல் வரிசை நிறைந்துவிடின், மிகப் பழைய பைற்றைத் தள்ளிப் புதியதற்கு இடங்கொடுக்கின்றது. கழித்தல் பற்றிய முதலாவது முடிபு இவ்விடத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். கடைசிக் குறியே முதன்மையானது என்னும் கருத்துப்பற்றி, பழையது போகட்டும் என்று துணிந்தனர். ஒரு தொடக்கத்தின் உள்ளே இத்துணிவு சரியே. பல தொடக்கங்களைச் சேர்த்து வைக்குமிடத்தும் இதே விதி பொருந்துமா என்பதைப் பின்னர் நோக்குவோம்.

அடுத்தது நேரம். கட்டுப்படுத்தியிற் சரியான நேரம் எப்போதும் இருக்கும் என்று எண்ணுதல் கூடாது. மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லாத பலகைகளில், மின்வலு அற்று மீண்டபின் கட்டுப்படுத்தி 1970ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதியில் நிற்பதாக எண்ணிக்கொண்டே எழுந்திருக்கும். சற்றுப் பின்னர் வலையமைப்பிலிருந்து சரியான நேரம் வரும். கடிகாரம் ஒரே பாய்ச்சலில் அரை நூற்றாண்டைத் தாண்டும். அப்பாய்ச்சல் சேவையகத் தொடக்கத்தின் நடுவே நேர்ந்தால், ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே ஐம்பது ஆண்டு கழிந்ததாகப் பதிவு சொல்லும். கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்படின் இன்னும் கேடு: மகன் தந்தைக்கு முன் பிறந்தவாறு போலக் குறிகள் வரிசை மாறும்.

ஓப்பன் பி.எம்.சி. இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. முதற் குறி வந்தபோது மட்டும் நாட்காட்டி நேரம் பார்க்கப்படும். பின்வருவனவற்றுக்கு, எவரும் திருத்த முடியாது ஒரே சீராக ஓடும் வேறொரு கடிகாரத்தைக்கொண்டு முதற் குறியிலிருந்து கழிந்த கால அளவு கணிக்கப்பட்டு, அம்முதல் நேரத்தோடு கூட்டப்படும். ஆகவே முதல் நேரமே பிழையாயினும், இடைவெளிகள் பிழைபடா. பழுது பார்ப்போனுக்கு வேண்டுவதும் பெரும்பாலும் இடைவெளியே; நினைவகச் சோதனை நேற்று 20 செக்கனில் முடிந்து, இன்று 90 செக்கன் எடுத்தது என்பது, வரப்போகும் நோயின் குணங்குறியாகலாம்.

ஆயினும் அம்முறையில் நாம் உடன்படாத கூறு ஒன்றுண்டு. மைக்கிரோ செக்கன் அளவில் கணித்த அந்நேரமே பதிவின் திறவுகோலாகவும் கொள்ளப்பட்டிருக்கின்றது. ஒரு திறவுகோலுக்கு ஒரு குறியே இடம்பெறும். இரு குறிகள் ஒரே மைக்கிரோ செக்கனில் வருதல் அரிது என்பர், அரிதே. எனினும் வரிசையைக் காட்டுவது வரிசையெண்ணின் தொழில், நேரத்தைக் காட்டுவது நேரத்தின் தொழில். இரண்டையும் ஒன்றன்மேற் சுமத்தாது, 1, 2, 3 என்று தொடரெண் இட்டு நேரத்தைப் பக்கத்தே எழுதுவதே தகுதி. மேலும் அந்நேரம், சேவையகம் குறியை எழுதிய நேரமன்று. அது சேமிப்போன் கையிற் சேர்ந்த நேரம். கடித உறையில், கிடைத்த ஊரின் முத்திரையைப் பார்த்து எழுதிய நாளை அறுதியிட்டுச் சொல்ல முடியாதவாறு போல, வரிசையிற் காத்திருந்த குறிகள் ஒருங்கே வந்து சேருங்கால் நேரங்கள் நெருங்கித் தோன்றும்.

இனி, எப்பொழுது பதிப்பது என்னும் வினா. கட்டுப்படுத்தியின் நிலையான சேமிப்பு பளிச்சீட்டு நினைவகம். 32, 64 மெகாபைற்று போன்ற சிற்றளவினதாகவே அது பல பலகைகளில் இருக்கும். அதில் ஒரு பைற்றை நினைத்தவாறு அழித்தெழுத இயலாது. தொகுதி தொகுதியாகவே அழித்தல் வேண்டும். ஒரு தொகுதி ஏறத்தாழ 100,000 முறை அழித்தலைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் கூறுவர். எண் பெரிதாகத் தோன்றினும், கவனமின்றி எழுதுவோன் அதனை விரைவில் உண்டுவிடுவான். கணக்கொன்று செய்து காண்போம்.

ஒரு தொடக்கத்தில் 300 குறிகள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் நேரத்துக்கு 8 பைற்று, குறிக்கு 8 பைற்று, ஆக 16 பைற்று வேண்டும். ஒரு முறை எழுதினால் 300 × 16 = 4,800 பைற்று. ஆனால் குறி வருந்தோறும் கோப்பு முழுவதையும் முதலிலிருந்து திரும்ப எழுதும் முறையைக் கையாண்டால், 1 + 2 + 3 + ... + 300 = 45,150 பதிவுகள் எழுதப்படும். அஃதாவது 722,400 பைற்று. வேண்டியதிலும் நூற்றைம்பது மடங்கு! கூட்டல் விருத்தியைப் படிக்கும் மாணவர், அது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணர்வாராக.

அவ்வாறாயின் தொடக்கம் முடிந்தபின் ஒரே முறையாக எழுதலாமே எனின், முடியாத தொடக்கமே நமக்கு வேண்டியது. நின்றுபோன இயந்திரம் முடிந்தேன் என்று சொல்லப்போவதில்லை. இதற்கு நாம் தகுதியெனக் கருதும் வழி பின்வருமாறு. வரும் குறிகளை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளுக. கடைசிக் குறி வந்து ஐந்து செக்கன் வரை வேறு குறி வாராதிருப்பின், அதுவரை சேர்ந்தவற்றைப் பளிச்சீட்டு நினைவகத்தில் பதிக்க. குறிகள் இடையறாது வந்துகொண்டேயிருப்பினும் முப்பது செக்கனுக்கு ஒரு முறை பதிக்க. இயந்திரம் நின்றுபோதலின் அடையாளம் மௌனமே. அம்மௌனமே பதிவை எழுதுமாறு தூண்டுதலால், வேண்டிய கடைசிக் குறி தவறாது காக்கப்படும். மண்டபத்தின் மின்வலுவே திடீரென அறுமாயின் கடைசிச் சில செக்கன்களுக்குரிய குறிகள் போகும். அவ்விழப்பை ஏற்றுக்கொள்ளலாம்; மின்தடைக்குத் தொடக்கக் குறி சாட்சி சொல்ல வேண்டுவதில்லை.

எழுதும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுதல் ஆகாது. பாதி எழுதிய நிலையில் மின்வலு அற்றால் பழையதும் போம், புதியதும் நில்லாது. வேறு பெயரிற் புதுக்கோப்பை முற்ற எழுதி, எழுதியது பதிந்ததென உறுதிசெய்தபின், பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைத்தல் வேண்டும். இஃது இத்துறையில் நன்கறிந்த விதியாதலின் விரிக்காது விடுகின்றோம்.

முன்னர் ஒத்திவைத்த கழித்தற் பிரச்சினைக்கு இப்பொழுது வருவோம். நம் கருத்தில் இதுவே இப்பொருளின் உயிர்நிலை. ஓப்பன் பி.எம்.சி.யின் சேமிப்பு முறை 100 தொடக்கங்களின் குறிகளை வைத்திருக்குமாறு இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. நிறுவுவோர் அவ்வெண்ணை மாற்றிக்கொள்ளலாம். நூற்றோராவது தொடக்கம் வந்தால் மிகப் பழையது நீங்கும். நாளொன்றுக்கு ஒரு முறை தொடங்கும் சேவையகத்துக்கு இது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வரலாறு. தாராளமான ஏற்பாடே.

ஆனால் சேவையகம் நோயுற்ற இரவை எண்ணிப் பார்க்க. இரவு 11 மணிக்கு ஒரு பழுது நேர்கின்றது. சேவையகம் தானே மறுதொடக்கஞ் செய்கின்றது, தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் மீண்டும் வீழ்கின்றது, மீண்டும் எழுகின்றது. 100 × 3 = 300 நிமிடம், அஃதாவது ஐந்தே மணித்தியாலம். அதிகாலை 4 மணிக்குள் நூறு இடங்களும் ஒரே தோல்வியின் நூறு படிகளால் நிறைந்துவிடும். காலை 8 மணிக்குப் பொறியியலாளர் வந்து பார்க்குமிடத்து, முதல் தோல்வியும் இல்லை. அதற்கு முந்தின நல்ல தொடக்கமும் இல்லை. முதல் தோல்வி ஏனையவற்றிலிருந்து வேறுபட்டிருந்ததோ, நல்ல தொடக்கத்திலேயே ஒரு படி மெலிந்து காணப்பட்டதோ என்பன இனி எவர்க்கும் தெரியா. பாடசாலைச் சம்பவத் திரட்டிலே நூறு பக்கமும் "இன்றும் மழை" என்று எழுதி, கூரை வீழ்ந்த நாளின் பக்கத்தைக் கிழித்தெறிந்ததை ஒக்கும் இது.

இதனைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒன்று, இடத்தை இரண்டாகப் பகுத்தல். தொண்ணூறு இடங்கள் முன்போலச் சுழல்க. எஞ்சிய பத்தில், நல்ல தொடக்கம் ஒன்றையடுத்து முதலாவதாக வரும் தோல்வியையும், அதற்கு முன்சென்ற நல்ல தொடக்கத்தையும் இணையாக வைத்து, மனிதர் ஒருவர் கண்டேன் என்று ஒப்பும்வரை அவற்றைத் தொடாதிருக்க. மற்றொன்று, நம் எழுதுவினைஞர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் "மேற்படி" என்னும் சொல்லே. ஒரு தொடக்கத்தின் குறிகள் முந்தியதன் குறிகளோடு முற்றும் ஒத்திருப்பின், அவற்றைத் திரும்ப எழுதாது, தொடங்கிய நேரத்தையும் எடுத்த மொத்தக் காலத்தையும் மட்டும் குறித்து மேற்படி என விடலாம். ஒரு குறி வேறுபட்டாலும் முழுவதையும் எழுதுக. நூற்றெண்பது தோல்விகளும் அப்பொழுது சில நூறு வரிகளுள் அடங்கும். வேறுபட்ட ஒன்று தனித்துத் தோன்றும்.

தொடக்கம் ஒன்று எங்கே தொடங்குகின்றது என்பதும் எளிதிற் புலப்படுவதன்று. சேவையகம் அணைந்து எரிந்ததாயின் எல்லை தெளிவு. மின்வலு அறாமலே நிகழும் மறுதொடக்கத்தில், அணைந்தது என்னும் அறிவித்தல் வாராதொழியலாம். இரண்டு தொடக்கங்களின் குறிகள் ஒன்றாகி, ஒரே நெடுந்தொடக்கமாகக் காட்சி தரும். மறுதொடக்க மின்சைகையையும் கவனிக்குமாறு வகுத்தலே இதற்குப் பரிகாரம்.

பெயரிடுதலைப் பற்றி ஒரு சொல். இப்பதிவுகளை வலையமைப்பு வழியே கேட்டுப் பெறுதற்கு, 2015இல் வெளிவந்த றெட்பிஷ் என்னும் நியமம் பயன்படுகின்றது. ஓப்பன் பி.எம்.சி.யில் ஒவ்வொரு பதிவுக்கும் பி1-5 என்பது போன்ற அடையாளம் உண்டு. மிக அண்மைத் தொடக்கத்தின் ஐந்தாம் குறி என்பது அதன் பொருள். அடுத்த தொடக்கம் நிகழ்ந்தவுடன் அதே பதிவு பி2-5 ஆகிவிடும். "நேற்று" என்னும் சொல்லைத் திகதியின்றிக் கடிதத்தில் எழுதுவதன் தீங்கு மொழி கற்பிப்போர் நன்கறிந்தது. பொறியியலாளர் ஒருவர் பி1-5ஐ நோக்குமாறு தம் தோழர்க்கு எழுத, அவர் நோக்குவதற்குள் சேவையகம் இரு முறை தொடங்கியிருப்பின் அவர் காண்பது வேறொன்று. தொடக்கங்களுக்கு என்றும் மாறாத எண்ணையே பெயராக இடுதல் நன்று.

குறியின் பொருளைப் பதிவில் எழுதலாமா என்பதும் கேட்கப்படுகின்றது. எழுதலாகாது என்பதே நம் துணிபு. 55 என்பதன் பொருள் பயோஸ் வகைதோறும் வேறுபடும். ஒரே வகையிலும் பதிப்புத்தோறும் மாறலாம். வந்த எண்ணை வந்தவாறே வைத்து, அவ்வேளை இருந்த பயோசின் பதிப்பெண்ணைத் தொடக்கத்துக்கு ஒரு முறை உடன் எழுதினாற் போதும். மூலபாடத்தைச் சிதைக்காது வைத்திருப்பின், உரையைப் பின்னர் எத்தனை முறையும் திருத்திக்கொள்ளலாம். ஒரு பைற்றில் அடங்காத குறிகளை வெளியிடும் இயந்திரங்களும் உள. ஆதலாலேயே மேற்கூறிய கணக்கில் குறிக்கு 8 பைற்று ஒதுக்கினோம். ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் நான்கு சேவையகங்கள் அமைந்த யொசெமிற்றி இரண்டாம் பதிப்புப் போன்ற அமைப்புக்களில், எந்தச் சேவையகத்தின் குறி என்பதும் பதிவில் இடம்பெறுதல் வேண்டும்.

கடைசியாக, அழித்தல். பழுதைத் திருத்தியபின் பதிவேட்டைத் துடைத்துவிடும் வழக்கம் தொழிலாளரிடையே உண்டு. அதற்குரிய கட்டளையும் றெட்பிஷ் நியமத்தில் இருக்கின்றது. அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆனால் எவர், எப்பொழுது அழித்தார் என்பது வெற்றுப் பதிவேட்டின் முதல் வரியாக நிற்றல் வேண்டும். தொடக்க எண்ணும் அழித்தலால் மீளலாகாது. அழிக்கும்போது அது 4,212இல் நின்றிருந்ததாயின், அடுத்து வருவது 4,213 ஆதல் வேண்டும்; 1 ஆதல் கூடாது.